நின்றாலும் சூடாகிற மோட்டார்

அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைய மிச்சமிருந்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். மற்றதையெல்லாம் நரம்பு நோய் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. அந்த விரலால் ஒரு சுவிட்சை அமுக்கி, யாரையும் கூப்பிடாமல் ஜன்னல் திரையைத் தானே ஏற்ற வேண்டும். என்னிடம் அவன் கேட்டது அவ்வளவுதான்.

பழைய பிரிண்டர்களைப் பிரித்து அவன் சேர்த்துவைத்திருந்த ஸ்டெப்பர் மோட்டார்களில் பெரியதை எடுத்தேன். லேபிள் உரிந்துபோயிருந்தது. எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அதைப் பெற்றவனுக்குத்தான் வெளிச்சம்.

"சப்ளை இருபத்து நாலு வோல்ட்டே இருக்கட்டும்," என்றான். "டிரைவர் போர்டுல இருக்கிற ஸ்க்ரூவ மட்டும் அரை ஆம்பியருக்கு வை. ஒரு மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பாரு. கை தாங்குச்சுன்னா கொஞ்சம் ஏத்தலாம்."

வைத்தேன். கனத்த திரை பாதி ஏறியதும் மோட்டார் கரகரத்து நழுவியது.

"பத்தலண்ணா."

"கரண்ட்ட ஏத்தாத. கப்பி போட்டு மறுபக்கம் எடை கட்டு."

எனக்கா சொல்லித்தர வேண்டும்? பதினாறு வருடமாக மின்விசிறிகளுக்குக் காயில் சுற்றுகிறவள் நான். கப்பி வாங்கப் போனால் அரைநாள் போய்விடும். ஸ்க்ரூவை ஒன்றரைக்குத் திருகினேன். திரை ஜம்மென்று ஏறியது. வெயிலில் அவன் கண் கூசாமலிருக்கப் பாதியில் நிறுத்தினேன்.

"சப்ளைய அணைச்சிட்டுப் போ, வாயாடி."

"அணைச்சா திரை விழுந்துடும். நிக்கிற மோட்டாருக்கு என்ன செலவு?"

என் மின்விசிறி மோட்டார்களுக்கு நின்றால் ஓய்வு. இது நின்றாலும் முழுக் கரண்ட்டையும் குடிக்கிற வகை. அதை அவன் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் என் காயில் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மதியம் வந்தால் அறையெங்கும் காயில் கருகிய நாற்றம். திரை கீழே விழுந்திருந்தது. அம்மா சமையலறையில்தான் இருந்தாள். கூப்பிட்டிருக்கிறான், குரல் எட்டவில்லை.

"அவசரக் குடுக்கை," என்றான். சிரிக்கக்கூடச் செய்தான்.

மற்ற மோட்டார்கள் எல்லாம் நோஞ்சான்கள். இன்னொரு பெரிய மோட்டார் தேடிப் பிடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இந்தத் தடவை அவன் சொன்னபடியே செய்தேன்: அரை ஆம்பியர், கப்பி, எடை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒன்பதாம் நாளே விரல் நின்றுவிட்டது என்று அம்மா கதவருகே நின்று மெதுவாகச் சொன்னாள்.

ஆனாலும் அவன் விரலை எடுத்து சுவிட்சின் மேல் வைத்தேன். முகம் இறுகியது, நெற்றி வேர்த்தது. விரல் அசையவில்லை. அதன்மேல் என் விரலை வைத்து அமுக்கினேன். திரை சத்தமில்லாமல் ஏறி, வெளிச்சம் அவன் கழுத்துவரை வந்தது.

"நானா அமுக்குனேன்?"

"நீதாண்ணா."

என் விரலின் கனம் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கண்ணை மூடிக்கொண்டான்.

"மோட்டாரத் தொட்டுப் பாரு. சூடா இருக்கா?"

தொட்டேன். "இல்லண்ணா, ஜில்லுன்னு இருக்கு." அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை.

"ஒரு மணி நேரம் கழிச்சுத் தொடணும்," என்றான். "எத்தன தடவ சொல்றது?"

அன்று நான் கடைக்குப் போகவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.