பானெட்டில் வைத்த பொட்டு

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்களிடம் எப்படியெல்லாம் காசு கறப்பார்கள் என்று அலசி ஆராய்ந்துவிட்டுத்தான் தாம்பரத்திலிருந்து கிளம்பினேன். மெல்போர்ன் கவுன்டரில் கூடுதல் இன்சூரன்ஸை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். காரைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தேன். வெள்ளைக் கார், ஒரு கீறல் இல்லை.

வீடியோ முடிந்ததும் மாமியார் கைப்பையைத் திறந்து, மாடம்பாக்கம் கோயில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, பானெட்டில் பெரிய பொட்டாக வைத்தார்.

"அத்தை, இது நம்ம கார் இல்ல."

"உள்ள உக்காரப் போறது நாமதானே?"

என் கணவர் தயாளன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், அந்தக் கறையைத் தயாளன்தான் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தார். குங்குமம் போனது, பெயின்ட்டும் கூடவே போனது.

ஊருக்கு வந்த பிறகு, பானெட்டுக்குப் புது பெயின்ட் அடித்த செலவை என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் வீடியோவை அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது: எடுக்கும்போது பானெட் சுத்தமாக இருந்ததற்கு உங்கள் வீடியோவே சாட்சி.

போன ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"காசைப் பாத்து இன்சூரன்ஸ் வேணாம்னுட்டா. இப்ப தண்டம் அழுதாச்சு," என்றார் மாமியார்.

"நான் படிச்சுப் படிச்சு சொன்னேன் சித்தி," என்று தயாளன் சொன்னது, கையில் நாருடன் அடுப்படியில் நின்றிருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.