இருபத்துமூன்றில் பதினொன்று

துருப்பிடித்த கிளிப் ஒன்று நகக்கண்ணில் குத்தி ரத்தம் எட்டிப் பார்த்தது. போடில் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். எழுத்தர் சங்கக் கிளையின் நிலவறையில், செவ்வாய்க்கிழமை காலைகளில், அவளும் விபேக்கெயும் சம்பளமில்லாமல் செய்கிற வேலை இதுதான். பழைய உறுப்பினர் அட்டைகளில் இருக்கும் கிளிப், குண்டூசி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேலை பார்த்த இடம்வாரியாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஹார்சென்ஸ் கிளையை மூடப் போகிறார்கள். அட்டைகள் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துக்குப் போகின்றன. அங்கே இரும்பு ஆகாது.

"அட்டையில ரத்தத்தை வடிச்சிடாதடி. அதையும் ஆவணம்னு சொல்லிப் பத்திரமா வெச்சிடப் போறாங்க" என்றாள் விபேக்கெ. முப்பது வருடம் நகராட்சியில் தட்டச்சு செய்தவள். கைக்கு ஓய்வு கொடுத்தார்கள், வாய்க்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

போடில் சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பினாள். அவளுடைய அட்டைதான். விதைக் கம்பெனி, எழுத்தர். சேர்ந்த தேதி சரியாக இருந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. விலகியது, 28 பிப்ரவரி 1975. மறுபடி சேர்ந்தது, 1 ஜூன் 1975.

இதென்ன கூத்து! அவள் எப்போது விலகினாள்? யாரோ அட்டை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்னாலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். தட்டச்சு செய்த இரண்டு வரிக் கடிதம். சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன். கீழே அவள் பெயர், கையெழுத்தாக. முதல் எழுத்து B-க்கு மட்டும் பெரிய தொந்தி. அவள் பெயரை அப்படித் தொந்தியோடு எழுதுகிற கை இந்த உலகத்தில் ஒன்றுதான். ஒவ்வொரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலும் ஐம்பது வருடமாக எழுதுகிறது.

"என்னடி, பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்க?"

"தலை சுத்துது. வீட்டுக்குப் போறேன்."

நிலவறையின் படிகளில் ஏறும்போதுதான் அந்த எண்ணிக்கை நினைவுக்கு வந்தது. அது எங்கே மறந்தது? கடை கண்ணிகளிலும் அலுவலகங்களிலும் பாதிப் பேராவது சங்கத்தில் இருந்தால்தான் முதலாளியிடம் சம்பள ஒப்பந்தம் கேட்க முடியும், அதுதான் விதி. விதைக் கம்பெனி அலுவலகத்தில் இருபத்துமூன்று பெண்கள். பன்னிரண்டு பேர் வேண்டும். இரண்டு வருடம் கெஞ்சி, கெஞ்சலுக்கு மசியாதவர்களைக் கிண்டல் செய்து, பன்னிரண்டாவது ஆளாக ஆஸ்டாவைப் பிடித்தவள் போடில்தான். எழுபத்தைந்து மார்ச் மாதம் சங்கமும் முதலாளி தரப்பும் உட்கார்ந்து எண்ணினார்கள். பதினொன்று என்று வந்தது. யார் விலகியது என்று சங்கம் சொல்லாது, எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும்.

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடைசியாகச் சேர்ந்தவள், அதுவும் முதலாளியின் தோட்டத்தைப் புகழ்ந்தவள், ஆஸ்டா தவிர வேறு யார்? நான் இல்லை, நான் இல்லை என்று அவள் அழுதாள். மறுநாள் காப்பி மேசையில் அவளுக்கு வைத்திருந்த கோப்பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தது போடில். அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு ஒரு காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. அக்டோபரில் வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்த நாட்களில் போடில் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். கணவன் பிரேபன் அவள் பாதங்களைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டபடி, "அந்தப் பாவியைச் சும்மா விடாதே" என்று சொல்லியிருக்கிறான். சொல்லியிருக்கிறானே!

அந்தக் கடிதத்தை வாங்கி வைத்த சங்கக் கிளைத் தலைவர் சாகும்வரை போடிலின் முகம் பார்த்துப் பேசியதில்லை. தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று நினைத்திருந்தாள்.

வீட்டில் பிரேபன் கம்பு ரொட்டியில் ஊறுகாய் மீனை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டான், படித்தான், கழற்றினான்.

"இதை இன்னுமா வெச்சிருக்காங்க?"

"இவ்வளவுதானா கேட்பே?"

"என்னைக் கூப்பிட்டு மிரட்டினான் போடில், உன் முதலாளி. அவனுக்குக் காகிதப் பை வித்துத்தான் நம்ம பொழைப்பு ஓடிச்சு. உன் பெண்டாட்டியை அடக்கு, இல்லேன்னா வேற இடத்துல வாங்கிக்கறேன்னான். கல்யாணமாகி ஏழு மாசம். பயந்துட்டேன்."

"பயந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விலகியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

உறுப்பினர் புத்தகம் மழையில் நனைந்துவிட்டது, புதுசு வாங்கி வந்தேன் என்று அந்த ஜூன் மாதம் அவன் நீட்டியதும் அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டதும் இப்போது ஞாபகம் வந்தது. மாதச் சந்தா கட்டச் சங்கத்துக்குப் போய்வருகிற வேலையை அவன் வழியில் இருக்கிறதென்று அவனிடம் விட்டவளும் அவள்தான்.

"ஆஸ்டாவோட வாழ்க்கையே போச்சு பிரேபன். நான் என் கையால செஞ்சேன்."

"அவளுக்கு வேற வேலை கிடைச்சிருக்கும். இத பாரு, இது எனக்கு மட்டும்தான் தெரியும், சத்தியமா. வேற ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. சனிக்கிழமை பிள்ளைங்கள்லாம் வராங்க. இதைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டுச் சாப்பிடு."

கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கண்ணாடிக் குடிலுக்குத் தக்காளியைப் பார்க்கப் போய்விட்டான். சண்டை வந்தால் ஐம்பது வருடமாக அவன் போகிற இடம் அதுதான்.

ஆஸ்டாவின் தொலைபேசி எண் தேடியதும் கிடைத்தது. வைலெயில் இருக்கிறாள், இருபது நிமிட ரயில் தூரம்.

"ஆஸ்டா பேசறேன்."

"நான் போடில். விதைக் கம்பெனி போடில்."

அந்தப் பக்கம் யாரோ வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"ஆஸ்டா, அது நீ இல்ல. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அது..."

"உன் பேர்ல போன கடிதம். தெரியும். உன் வீட்டுக்காரர் வந்து சொன்னாரு."

"எப்ப?"

"என் பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், எண்பத்தொண்ணு. ஒரு மூட்டை விதை உருளைக்கிழங்கைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நின்னு அழுதாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னு கெஞ்சினாரு."

ஈ காக்காவுக்குத் தெரியாது என்று அவன் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"நீ ஏன் சொல்லல? உன் தலையில விழுந்த பழி ஆஸ்டா!"

"சொன்னா நீ ஓடி வந்து மன்னிப்புக் கேட்டிருப்ப. கதவைத் திறந்து உன்னை உட்கார வைக்கணும், காப்பி போடணும், பரவாயில்லன்னு சொல்லணும். எனக்கு அது வேணாம்னு இருந்துச்சு. இப்பவும் வேணாம் போடில். வெச்சிடறேன்."

போடில் தொலைபேசியை வைத்தாள். முன்வாசலில் பேச்சுச் சத்தமும் ஏணி உரசும் சத்தமும் கேட்டன. திறந்தாள். எதிர் வீட்டுத் தம்பதி. அவன் ஏணி மேல், அவள் கையில் அளவு நாடா.

"ஐயோ, நீங்க பார்க்கக் கூடாது! உள்ள போங்க, உள்ள போங்க!" என்று அவள் சிரித்தாள். "வளைவு கட்ட வாசலை அளக்கறோம். வண்டி நிறைய தேவதாரு கிளை வெட்டியாச்சு. கல்யாணப் பொன்விழா ஜோடி சனிக்கிழமை காலையில அதுக்கடியில நிக்கணும், தெரியுமில்ல? நாங்க வந்து பாட்டுப் பாடித்தான் எழுப்புவோம்."

பின்பக்கம் பிரேபன் குழாயைத் திறந்து தக்காளிக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.

"பார்த்தது பார்த்துட்டீங்க, இந்த முனையைப் பிடிங்க" என்று ஏணி மேலிருந்தவன் நாடாவை நீட்டினான். "நிலையோட ஒட்டி, இன்னும் கொஞ்சம் கீழே. ஆங், அப்படியே அசையாம நில்லுங்க."

போடில் பிடித்துக்கொண்டு நின்றாள்.