ஆறு பாட்டில் நல்ல தண்ணீர்

ஆறு கிணறுகளுக்கும் ஒரே எண் வந்தபோதே நான் பேனாவை மூடி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சாமுண்டீஸ்வரி, எம்.எஸ்ஸி., இளநிலை வேதியியலர் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அந்தப் பாழாய்ப்போன கோபம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

அது 1978, மே மாதம். கடலூரில் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. அங்கே இருந்த ஒரே பெண் நான். மரக்காணத்துப் பக்கம் ஒரு கம்பெனி புதிதாக உப்பளம் போட வந்திருந்தது. கழிவெளி உப்பேரியிலிருந்து உப்புத்தண்ணீர் கொண்டுபோக முன்பே ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அதை இன்னும் ஒரு மைல் நீட்ட அனுமதி கேட்டார்கள். வழியில் அனுமந்தைக்கு வடக்கே, உப்பளத்தில் கூலிவேலை செய்கிறவர்களின் சின்ன ஊர் ஒன்று இருக்கிறது. பழைய வாய்க்கால் வந்த இரண்டு வருஷத்தில் எங்கள் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் மனு போட்டார்கள். மனு உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. உண்மையென்றால் வாய்க்கால் நிற்கும். பொய்யென்றால் வரும். வந்துவிட்டால் அந்தக் கிணறுகளை அப்புறம் யாராலும் மீட்க முடியாது.

நானே போய்த் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எங்கள் அதிகாரி சிவப்பிரகாசத்திடம் கேட்டேன்.

"ஃபீல்டுக்கெல்லாம் லேடீஸ் எதுக்கும்மா? வெயில்ல கறுத்துப் போயிட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரன் எங்களையில்ல திட்டுவான்?" என்றார். அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஐந்து வருஷமாக அதே சிரிப்பு. ஜீப்பில் ஏறாத ஒருத்தி, அந்த ஜீப் கொண்டுவரும் பாட்டிலுக்குள் இருப்பதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்திருந்த விஞ்ஞானம்.

ஃபீல்டு அசிஸ்டென்ட் ராமதாஸ் ஆறு பாட்டிலோடு போனான், மறுநாள் ஆறு பாட்டிலோடு வந்தான். ஒவ்வொன்றிலும் கிணற்றின் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. மஞ்சள் நிறமூட்டிய தண்ணீர் செங்கல் நிறத்துக்கு வரும்வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உப்பு கூடினால் சொட்டு கூடும். முதல் கிணற்றில் லிட்டருக்கு அறுபத்திரண்டு மில்லிகிராம். இளநீர் மாதிரித் தண்ணீர். இரண்டாவதும் அறுபத்திரண்டு. ஆறாவது வரைக்கும் அதேதான். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளே ஒன்றுபோல இருப்பதில்லை, ஆறு கிணறு எப்படி ஒன்றாக இருக்கும்?

சொன்னேன். "பாட்டில்ல இருக்கறத எழுதும்மா, உன் மனசுல இருக்கறத எழுதாத," என்றார் சிவப்பிரகாசம். பாட்டிலில் இருந்தது அறுபத்திரண்டுதான். எழுதினேன்.

ஒரு வாரம் அந்த எண் சோற்றில் கல்லாக நெருடிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை சிவப்பிரகாசமே கம்பெனி மேனேஜரோடு போய் வாய்க்காலுக்கு முளையடிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் பாண்டி போனேன். அங்கிருந்து மரக்காணம் பஸ். பையில் ஆறு காலி பாட்டிலும் அரக்கும் மருந்தும் கண்ணாடிக் குழாயும் இருந்தன. முதலியார்சாவடி தாண்டும்போதே ஜன்னல் கம்பி சுட்டது.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, காலில் அப்பியிருந்த உப்பளச் சேற்றோடு ஓடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் சாலம்மாள். யார், என்ன என்று கேட்பதற்கு முன்பே ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். குடித்தேன். ஜில்லென்று, தித்திப்பாக இருந்தது.

அப்படியென்றால் மனுதான் பொய்யா? வேலை போனாலும் போகட்டும் என்று வந்த நான்தான் பைத்தியமா? சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளியிருந்த கிணற்றில் நானே ஒரு வாளி இறைத்து, கையில் அள்ளி வாயில் ஊற்றினேன். அப்படியே துப்பினேன். கடல் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினது போல் இருந்தது.

"ஐய, அத ஏம்மா குடிக்கிற?" என்று சாலம்மாள் பதறினாள். "அது எங்களுக்கு. உனக்குத்தான் நல்ல தண்ணி குடுத்தேனே."

"எங்கேருந்துக்கா அந்த நல்ல தண்ணி?"

"சவுக்குத்தோப்பு மணல்மேட்டுல ஒரு ஊத்து இருக்குது. ஒண்ணரை மைல் நடக்கணும். வர்றவங்க போறவங்களுக்குன்னு தெனம் ஒரு கொடம் கொண்டாந்து வெச்சிருவோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தாலும் கேட்டேன். "போன வாரம் ஆபீஸ்காரர் பாட்டில் கொண்டாந்தாரே, யாரு ரொப்புனது?"

"நாந்தான்!" அவள் முகம் மலர்ந்தது. "அந்தாளு பாட்டில வெச்சிட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு. கடலூர்ல ஒரு அம்மா இருக்குது, அதான் எல்லாத் தண்ணியும் பாக்கும்னு சொன்னாரு. அவ்ளோ தூரத்துல இருக்கற பொம்பளைக்கு இந்தக் கழிசடைத் தண்ணியவா அனுப்புவோம்? நாலு பேரு போய் ஊத்துலருந்தே மொண்டாந்து, ஆறையும் கழுவி ரொப்புனோம்."

"அந்த அம்மா நாந்தாங்க்கா," என்றேன்.

அதற்கப்புறம் நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. கத்தினேன். உன் வீட்டுக்கு நீயே கொள்ளி வைத்துவிட்டாயே என்று கத்தினேன். உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இன்றைக்கு முளையடிக்க வருகிறார்கள் என்றேன். அவளைத் திட்டியது தப்பு என்று வாயைத் திறந்தபோதே தெரியும். ஜீப்பில் எனக்கு இடம் கொடுக்காதவனைத் திட்ட வேண்டிய திட்டு அது.

"ஜீப்பு வந்தா அவங்களுக்கு இந்தக் கெணத்துத் தண்ணிய குடு," என்றேன்.

"அது மட்டும் மாட்டேம்மா." தலையை அழுத்தமாக ஆட்டினாள். "வாசல்ல வந்து நிக்கறவனுக்கு உப்புத்தண்ணி குடுத்தா நாங்க மனுஷங்களா? எதிரியா இருந்தாலும் குடுக்க மாட்டோம்."

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. சிவப்பிரகாசமும் மேனேஜரும் இறங்கினார்கள். பின்னால் ராமதாஸ் முளைக்கட்டைகளோடு இறங்கினான். என்னைப் பார்த்ததும் அதிகாரியின் கழுத்து சிவந்தது.

"சார், அந்த ஆறு பாட்டிலும் ஒரே ஊத்துத் தண்ணி. கிணத்துத் தண்ணி இல்ல. இப்பவே உங்க கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்," என்று குழாயை எடுத்தேன்.

"நீ இன்னைக்கு லீவு. லீவுல இருக்கறவ பேசறது ஆபீஸ் பேச்சு இல்ல," என்றார். ராமதாஸ் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் கூடிவிட்ட ஊரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "உங்க பொம்பளைங்களே ரொப்பிக் குடுத்த தண்ணி, இந்தம்மாவே பாத்துக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட். நல்ல தண்ணிய வெச்சிக்கிட்டு உப்புன்னு மனு போடறீங்க. பொய் மனு போட்டா கேஸ் ஆகும், தெரியுமா?"

சாலம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சொம்பும் கையுமாக அவள் திரும்பி வந்தபோது என் கோபம் தலைக்கேறியது. இந்த நேரத்திலும் இவனுக்கு நல்ல தண்ணீரா என்று பல்லைக் கடித்தேன்.

"குடிங்க சாமி," என்று நீட்டினாள். சிவப்பிரகாசம் அண்ணாந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். தண்ணீர் வாயிலேயே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் திரும்பி மணலில் துப்பிவிட்டு இருமினார்.

"ஏய்! எங்கேருந்து மொண்ட?"

"நல்ல தண்ணின்னு எழுதி வெச்சிருக்கீங்களே சாமி, அதுலருந்துதான்." அவள் சொம்பை மறுபடியும் நீட்டினாள். "மிச்சத்தையும் குடிங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் தன் பக்கம் வந்த சொம்பைத் தொடாமல் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். ஊர் ஆண்கள் வந்து முளைக்கட்டைகளுக்கும் ராமதாஸுக்கும் நடுவில் நின்றார்கள். சிவப்பிரகாசம் வாயைத் துடைத்தபடி, "மறுபடியும் சாம்பிள் எடுக்கணும் போல," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். என்னிடம் மட்டும், "நாளைக்கு உனக்கு மெமோ ரெடியா இருக்கும்," என்றார்.

"குடுங்க சார். ஆறு கெணத்துத் தண்ணியோட வந்து வாங்கிக்கறேன். இந்தத் தடவை எந்தக் கெணறும் அறுபத்திரண்டு காட்டாது."

ஜீப் போன பிறகு ஆறு கிணற்றிலும் நானே இறைத்து, பாட்டில்களுக்கு அரக்கு வைத்து சீல் போட்டேன். திரும்பி வந்தால் சாலம்மாள் அந்தச் சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"என் மாமியாக்காரி இருந்திருந்தா என் கைய ஒடிச்சிருப்பா," என்றாள். "உன்னாலதான்டி. நீ ஒழுங்கா மொதல்லயே வந்து மொண்டுக்கினு போயிருந்தா, நான் ஏன் இந்தப் பாவத்தச் செய்யறேன்?"

தாகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

நல்ல தண்ணீர்க் குடம் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய், வாளியிலிருந்து மொண்டு வந்து நீட்டினாள்.

"வூட்டு மனுஷிக்கு இதான்," என்றாள்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முழுச் சொம்பையும் குடித்தேன்.