அலை போன பிறகு இருபது ஸ்டூல்கள்

எங்கள் சீன நிலாக் கணக்கில் எட்டாம் மாதம் பதினெட்டாம் நாள் சியான்தாங் ஆறு கடலைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னோக்கி ஓடிவரும். அதைப் பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்துப் பிழைக்கிறவன் நான். கரையின் கீழ்ப் படிக்கட்டில் ஸ்டூல் போட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. அலைக்கு அங்கிருந்து நாலு முழம்தான். நின்று பார்க்கிறவனுக்கும் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் விற்கிறேன்.

இந்த வருடம் காலையிலேயே சிங்மெய் வந்து நின்றாள். கரைக் காவலில் விசில் ஊதுகிறவள். ஒரு கையில் முக்காலித் தாங்கியில் பொருத்திய கேமரா. மறு கையில் சமையலறைச் சுவர்க்கடிகாரம்.

"பாவ் அண்ணே, அலை போனதுக்கப்புறம் இருபது ஸ்டூல் அரை மணி நேரம் அப்படியே கிடக்கணும்."

"எதுக்கு? யார் உக்காரப்போறா, ஆத்துல இருக்கற மீனுங்களா?"

"யாரும் உக்காரக்கூடாது. அதுதான் வேணும்."

விஷயம் எனக்குத் தெரியும். போன வருடம் அலை கடந்தபின் செருப்புச் சேற்றைக் கழுவ ஒரு பெண் இதே படியில் இறங்கினாள். ஆற்றின் மேல்பக்கம் அணைச்சுவரில் மோதித் திரும்பிய அலை அவளைக் கல்லில் அறைந்தது. இன்னும் நொண்டுகிறாள். வேலியைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்று சிங்மெய் மனு கொடுத்தாள். திரும்பும் அலை அணைக்கட்டுப் பக்கத்து ஆட்களுக்குத்தான் ஆபத்து, நம் ஆற்று வளைவுக்கு வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும், பெண் தானாக வழுக்கி விழுந்தாள் என்று கரை அலுவலகம் எழுதிவிட்டது. சாட்சி, அடியேன். 'பதினொரு வருடத்தில் என் ஸ்டூல் ஒன்றுகூட நனைந்ததில்லை' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். பொய் இல்லை.

"வீடியோ எடுத்துக் குடுத்தா போதாதா?"

"நாற்பது நிமிஷம் அவங்க உக்காந்து பாப்பாங்களா? வெட்டிக் குடுத்தா, வெட்டி ஒட்டினதும்பாங்க. நொடிக்கு ஒரு படம், விடாம. எல்லாம் சேத்தா ஒன்றரை நிமிஷம். ஓரத்துல கடிகாரம் ஓடும். இதை நாளைக்கு அவங்க பாத்தே ஆகணும்."

"அப்போ கூலி ரெண்டு உப்பு வாத்து."

"ஒண்ணு."

பேரம் ஒன்றரையில் முடிந்தது. இரண்டாவது வாத்தின் மீதிப் பாதி யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் மேல்கரையில் முக்காலியை ஊன்றி, ஒவ்வொரு காலிலும் மணல்மூட்டை கட்டினாள். கடிகாரம் வேலியில் தொங்கியது. பகல் ஒன்றே காலுக்கு வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு உறுமல். பிறகு ஆள் உயர நீர்ச்சுவர் எங்களைக் கடந்து மேலே போனது. ஜனம் கத்தி ஓய்ந்து, நிலாத் திருவிழாவில் மிஞ்சிய கேக்கைக் கடித்தபடி எழுந்தது.

என் கை, பழக்கதோஷம், ஸ்டூலை அடுக்கப் போயிற்று. விசில் காதைக் கிழித்தது.

"ஒன்றரை வாத்து, அண்ணே. மேல வாங்க."

ஏறினேன். அவள் சகாக்கள் இருவர் படியின் குறுக்கே கயிறு கட்டினார்கள். கீழே இருபது காலி ஸ்டூல்கள். பெரிய கேமராக்காரன் ஒருவன் பையை மூடிக்கொண்டே கேட்டான்.

"அலை போயிடுச்சே அக்கா, இன்னும் எதைப் பிடிக்கிறீங்க? ஸ்டூலையா?"

"ஆமா, ஸ்டூலைத்தான். முக்காலியில கால் தட்டாம போங்க."

ஐந்து நிமிடம். எந்த வருடமும் இந்நேரம் நான் வண்டி ஏற்றிவிட்டு நூடுல்ஸ் கடையில் இருப்பேன். ஏழு நிமிடம். ஆறு தேநீர்போலப் பழுப்பாகக் கிடந்தது.

"வராது தங்கச்சி. வாத்து மட்டும் குடுத்துடு."

அவள் கண் ஆற்றின் மேல்பக்கமே இருந்தது. விரல் கேமராவின் மேலும் படவில்லை, விசிலை விட்டும் நகரவில்லை.

ஒன்பதாவது நிமிடம் கரையோரமாக, சத்தமே இல்லாமல், தடித்த நீர்மடிப்பொன்று அணைப் பக்கமிருந்து வழுக்கி வந்தது. முதலில் வந்த அலை பறை அடித்து வந்தது. இது திருடன்போல் வந்தது. முதல் ஸ்டூல் சாய்ந்தது. அடுத்து மொத்த வரிசையும் எழுந்து, ஒருமுறை சுற்றி, ஆற்றோடு போனது. படி வெறுமையாக மின்னியது. அவள் இன்னும் இருபது நிமிடம் ஓடவிட்டுத்தான் நிறுத்தினாள்.

பிறகு திரையில் போட்டுக் காட்டினாள். தொண்ணூறு நொடியில் ஆறு ஒருமுறை போய்த் திரும்பியது. இடையில் ஒரு கணம், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஸ்டூல் பொறுக்கும் ஒரு தடியன், நான்தான். பதினொரு வருடம் அந்த முதுகு எனக்குத் தெரிந்ததே இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் நான்தான் அவளுக்கும் முந்திப் போய் உட்கார்ந்தேன். படம் முடிந்ததும் எழுத்தர் பழைய தாளை எடுத்தார்.

"போன வருஷம் ஸ்டூல் நனைஞ்சதே இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"நிசம்தான் ஐயா. படி நனையற நேரத்துல நானும் ஸ்டூலும் சாப்பிடப் போயிடுவோம். புதுத் தாள் குடுங்க, அதையும் எழுதித் தர்றேன்."

வேலி இப்போது பன்னிரண்டு அடி பின்னால் நிற்கிறது. என் ஸ்டூல்கள் அதற்கும் பின்னால். வாத்து ஒன்றுதான் வந்தது. பாக்கி அரை வாத்தை நான் கேட்கவில்லை.