மிஸ்டரின் வலப்பக்க அறை

“குதிரைக்கு வாயால மூச்செடுக்க ஏலாது, தெரியுமா? மூக்கு மட்டுந்தான்” என்று மக்கீன் சொன்னான்.

“அப்ப உங்களப் போலதான் மச்சான். வாய் இரிக்கி, ஆனா ஒண்டுக்கும் உதவாது” என்றாள் அவன் மனைவி லைலா.

கல்யாணமான புதிதில் நடந்த இந்தப் பேச்சை அவள் மறக்க வழியில்லாமல் போயிற்று. ஏனென்றால் மக்கீன் கடலோடு போய் நான்கு வருடங்களுக்குப் பிறகும் அவனுடைய குரல் அவன் வளர்த்த குதிரையின் தலைக்குள் இருந்தது.

குதிரை அறுகம்பே கடற்கரையிலிருந்து வந்தது. விடுதி நடத்திய வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனதை மக்கீன் தன் ஊரான சாய்ந்தமருதுக்குக் கொண்டுவந்து, பெருநாள் நாட்களில் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றினான். அதன் பழைய பெயர் யாருக்கும் தெரியாததால் ஊர் அதற்கு மிஸ்டர் என்று பெயர் வைத்தது. நாசிக்குள் மெல்ல ஊதினால் குதிரை சிநேகமாகும் என்று விடுதிக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். மக்கீன் முதலில் ஊதினான். பிறகு, வீட்டில் சொல்ல வராததையெல்லாம் அதன் வலது நாசிக்குள் சொல்லத் தொடங்கினான். மற்றவர்கள் சொல்லும் சொல் காற்றோடு போய்விடும். இவன் சொன்னவை சுருள் எலும்புகளைச் சுற்றிக்கொண்டு, இடுக்கான ஒரு வாசல் வழியாகக் கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பறைக்குள் நுழைந்து, திரும்பி வர வழி தெரியாமல் அங்கேயே தங்கின.

அவர்களுடைய முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தபோது மக்கீன் மீன்பிடிப் படகில் ஆழ்கடலில் இருந்தான். கரைக்கு வந்தவனிடம், “எங்க இருந்தீங்க?” என்று ஒரே ஒரு கேள்விதான் லைலா கேட்டாள். அவன் தலை குனிந்தான். அவள் அவனோடு பேச்சை நிறுத்தினாள். அடுத்த தடவை படகு புறப்பட்டபோது, தூரக்கடலுக்குப் போகிறவர்கள் செய்வதைப் போல அவன் வீடு வீடாகப் போய், “ஏதும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கங்க” என்று மன்னிப்புக் கேட்டான். மாமியிடம் கேட்டான், பக்கத்து வளவில் கேட்டான், தேத்தண்ணிக் கடையிலும் கேட்டான். கடைசியாகக் குசினி வாசலில் வந்து நின்றான். லைலா முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவினாள். அவன் நின்றான், போய்விட்டான். யன்னல் வழியே பார்த்தபோது, குதிரையின் மூக்கில் வாயை வைத்தபடி நெடுநேரம் நின்றுகொண்டிருந்தான். அந்தப் படகைப் புயல் கொண்டுபோனது. ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்களில்தான் மிஸ்டர் மக்கீனின் குரலில் முனக ஆரம்பித்தது. கன்னத்து எலும்பில் காதை வைத்தால், அடுத்த வீட்டு ரேடியோவைப் போல அவன் கதைப்பது கேட்கும். சொல் மட்டும் பிடிபடாது. மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். இத்தாவில் இருக்கும் பெண் இந்தக் குதிரைக்கு முன்னால் வரலாமா என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் இரண்டு கூட்டம் நடந்தது. குரலுக்கு இத்தா இல்லை, ஆனால் குதிரைக்கு யாரும் நேர்ச்சை வைக்கக் கூடாது என்று மௌலவி முடித்துவைத்தார். கொஞ்ச நாளில் ஊர் அதை மீன் விலையைப் போல அன்றாட விசயமாக எடுத்துக்கொண்டது. “உயிரோட இரிக்கக்குள்ள காக்கா இவ்வளவு கதைக்கல்ல” என்று மக்கீனைக் காக்கா என்று கூப்பிடும் அவன் தம்பி றஊப் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். லைலா சிரிக்கவில்லை. ஊர் முழுக்கப் பொருத்தம் கேட்டவன் தன்னிடம் மட்டும் கேட்காமல் போனான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்த எலும்பில் காதை வைத்தாள்.

போன மாரியில் மிஸ்டரின் வலது நாசியிலிருந்து மட்டும் மஞ்சளாக ஒழுகியது. நாற்றம் தாங்க முடியவில்லை. குரலும் தலையணைக்குள் அமுக்கினதுபோல மங்கியது. றஊப் காரைதீவிலிருந்து மிருக வைத்தியர் விதுஷாவைக் கூட்டிவந்தான். அவள் குதிரையின் இடது கன்னத்தை விரலால் தட்டினாள். வெறும் பெட்டியைப் போலக் கேட்டது. வலது கன்னம் மண் மூட்டையைப் போலக் கேட்டது.

“மேல் கடைவாய்ப் பல்லுட வேர் இந்த அறைக்குள்ளதான் நிக்கும். வேர் அழுகி, அறை முழுக்கச் சீழ். எலும்பில துளை போட்டுக் கழுவோணும் அக்கா.”

“உள்ள இரிக்கிறது?”

“எல்லாம் வெளிய வரும்.”

“எல்லாமா டொக்டர்?”

விதுஷாவுக்கும் விசயம் தெரியும். “ஓம் அக்கா” என்று மெதுவாகச் சொன்னாள். “விட்டா மூச்சடைச்சுக் குதிரை போயிடும். அதோட அதுவும்.”

நோன்பு முடியட்டும் என்றாள் லைலா. பெருநாள் முடியட்டும் என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். மிஸ்டரின் விலா எலும்புகள் தெரிந்தன. ஒரு நாசியால் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. வாயைத் திறந்து விடலாமென்றால் அதற்கு அந்த வழியும் இல்லை. ஒரு நாள் அது குசினி வாசலில் வந்து, மக்கீன் நின்ற இடத்தில், நிலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. லைலா துருவலையை விட்டு எழுந்து றஊபுக்குப் போனில் கோல் எடுத்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே, கண்ணுக்குக் கீழே சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து விதுஷா துளையிட்டாள். முதலில் சீழ் வந்தது. உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவினாள். தண்ணீர் தெளிந்து மூக்கால் இறங்கியது. குழாயை எடுத்ததும் துளையிலிருந்து மக்கீன் இருமினான். பிறகு, உள்ளே போன ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நீலத் தாவணி அவளுக்கு எடுப்பு என்றான். அன்றைக்குச் சூரைமீன் ஆணம் நல்லாயிருந்தது என்றான். புள்ளைய அடக்கின கபுறடிக்கு ஒவ்வொரு நாளும் சுபஹு தொழுதிட்டுப் போறன், அவக்கிட்டச் சொல்லத் தெரியல்ல என்றான். சொன்னவை காற்றில் கரைந்துகொண்டே போயின. விதுஷா பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, முடியட்டும் என்று காத்திருந்தாள். றஊப் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான். லைலா கிட்டே போனாள். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை.

“லைலா,” என்றது துளை கடைசியாக, “பிழை என்னிலதான். பொருந்திக்க புள்ள.”