மாஹனுக்குக் கட்டாத தவணை

மார்ட்டி மாஹனுக்கு நான் தர வேண்டிய பாக்கி இரண்டு பவுன் பதினோரு ஷில்லிங். குதிரை வண்டியையே வீடாகக் கொண்டு, அயர்லாந்தின் கிளேர் மாவட்டம் முழுக்கச் சந்தைக்குச் சந்தை போய்க் குழல் வாசித்தவர் அவர். ஒரு கையிடுக்கில் துருத்தி, மறு கையிடுக்கில் தோல்பை. வாயால் ஊதுகிற குழல் அல்ல; துருத்தியால் பையில் காற்றடைத்து வாசிப்பது. தன்னிடமிருந்த இரண்டில் ஒன்றைத் தவணைக்கு எனக்குக் கொடுத்தார். ரோட்டில் கல் உடைத்த கூலியில் நான்கு வருடம் கட்டினேன். கடைசித் தவணைக்கு முன்னால் எனிஸ்டைமன் ஊரில் மாரடைப்பில் போய்விட்டார்.

செய்தி வந்த மறுநாளிலிருந்து, ஆணியில் தொங்கும் குழலின் பை காலையில் உப்பியிருந்தது. காற்றை இறக்கி மாட்டுவேன். மறுநாளும் உப்பியிருக்கும். தொட்டால், சற்றுமுன் யாரோ அக்குளில் வைத்திருந்த சூடு.

பத்தாம் நாள் அவர் மனைவி நோனீ வந்தாள். பணத்தை மேசையில் வைத்தேன். அவள் தொடவில்லை.

"செத்தவர் காச நான் வாங்கக் கூடாது தம்பி. எங்க சனத்து வழக்கப்படி இன்னிக்கு வண்டிய எரிக்கிறோம். அவரோடது எதுவும் மிஞ்சக் கூடாது."

"இந்தக் குழல் என்னோடது அக்கா. நாலு வருசம் கட்டியிருக்கேன்."

"முழுசா கட்டுனியா?"

மேசையில் கிடந்த பணத்தைப் பார்த்தேன்.

"அப்ப அவரோடதுதான். வச்சுக்கறதுன்னா வச்சுக்க. ஆனா அவரு வருவாரு. உசுரோட இருக்கறப்பவே, கடன் வாங்குனவன் வீட்டுல ரெண்டு வேள சாப்பிடாம கெளம்ப மாட்டாரு." சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "பை உப்புதா?"

யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

வாரம் முழுக்கக் கல் உடைத்த கைகளுக்கு அந்தக் குழல் ஒன்றுதான் இருந்தது. எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

தூறலிலும் வண்டி நன்றாகவே எரிந்தது. நானே குழலை உள்ளே போட்டேன். சூட்டில் பை உப்பியது. முதலில், ஒரே சுரத்தை இழுக்கும் ஒத்துக்குழல்கள் முனகின. சூடேறிய காற்று என்றுதான் நினைத்தேன். பிறகு பாட்டுக்குழல் தொடங்கியது. அவர் எனக்குப் பாதி மட்டும் சொல்லித்தந்த மெட்டு. தீக்குள் அதன் துளைகள் ஒவ்வொன்றாக மூடித் திறந்தன. எனக்குத் தெரியாத பாதியும் முழுசாக வந்தது. அவருடைய ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சத்தம் நின்றதும் பணத்தை மறுபடி நீட்டினேன். நோனீ அதை என் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

"தீந்துச்சு தம்பி. இனி நீ அவருக்கு ஒண்ணும் தர வேண்டாம். வீட்டுக்குப் போ."