மோகனத்தில் எட்டிப் பார்த்த ‘ம’

1

தானாகவே வாசிக்கப் பழகியவர்கள் இசை இலக்கணம் படிக்கலாமா என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியில் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அதனால் கதை. முதல் வரி இப்படி இருந்தது:

சிவகாசியில் அன்று ஒரு பெரும் வெடிச்சத்தம்...

(அடித்துவிட்டேன். சிவகாசிக் கதை என்றால் வெடித்தே தீர வேண்டுமா?)

2

மாரிசெல்வி தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். செல்போனைப் பார்த்தே கீபோர்டு பழகியவள். திருவிழாக்களில் வாசிக்கும் கச்சேரிக் குழு ஒன்றில் இருக்கிறாள். அவள் கணவன் மாரிக்கண்ணன் அதே குழுவில் ரிதம் பேடில் தாளம் தட்டுபவன்.

சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டாள். மல்லாங்கிணறு திருவிழா மேடையில் வாசிக்க ஆசை. கிதார்க்காரர் சுந்தரபாண்டி கேட்டார்:

“என்ன கார்டும்மா?”

“நான் வாசிக்கிறாப்ல வாசிங்கண்ணே.”

சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டுக்குத்தான் கார்டு என்று பேர்; அந்தப் பேர்கள் அவளுக்குத் தெரியாது. குழுவே சிரித்தது. மறுவாரம் அவள் பர்ஹத் டீச்சரிடம் இசை வகுப்பில் சேர்ந்தாள்.

3

[மாரிக்கண்ணனை இங்கே வில்லனாக்கத் திட்டமிட்டிருந்தேன். “படிச்சா கை கெட்டுப்போகும் புள்ள!” என்று கத்தவும் வைத்தேன். கத்தி முடித்துவிட்டு, அவனே பைக்கில் அவளை வகுப்பில் கொண்டுபோய் விட்டான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?]

மெட்டைக் கேட்டுவிட்டு பர்ஹத் சொன்னார்: “இது மோகன ராகம்க்கா. இந்த எடத்துல மட்டும் ஒரு ‘ம’ எட்டிப் பாக்குது. மோகனத்துல அது வராது.”

மாரிசெல்வி அந்த ஒரு சுரத்தை எடுத்துவிட்டாள். மெட்டு சுத்தமானது, உயிர் போய்விட்டது. ஒத்திகையில் சுந்தரபாண்டி, “இது வேண்டாம்மா, விட்ருவோம்” என்றார். மாரிக்கண்ணன், “நான் சொன்னேன்ல?” என்றான். அவள் கீபோர்டை உறையில் போட்டு மூடினாள்.

(கட்டுரையாக இருந்தால் இங்கேயே முடித்திருப்பேன்: இலக்கணம் கெடுக்கும். கைதட்டலும் கிடைத்திருக்கும்.)

4

ஆனால் அவள் டீச்சரிடம் திரும்பிப் போய்ச் சண்டை பிடித்தாள்.

“எது வராதுன்னு சொன்னீகளோ, அதுதான் டீச்சர் எனக்கு வேணும். எப்படி வச்சுக்கிடறது?”

பர்ஹத் சிரித்துவிட்டார். “மோகனத்துல வராதுன்னுதானக்கா சொன்னேன். ஒங்களுக்கு வரக்கூடாதுன்னா சொன்னேன்?”

அந்த ‘ம’வுக்கு அடியில், இடது கையில் எஃப் மைனர் என்ற கார்டை வைத்துக் காட்டினார். அதுவரை வழிதவறி வந்ததுபோல் நின்ற சுரம், பாயை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

5

மல்லாங்கிணறு மேடை. சுந்தரபாண்டி கடைசி நேரத்தில் ஒத்துக்கொள்ள, அவள் தன் மெட்டை வாசித்தாள். அந்த ‘ம’ வந்ததும் மாரிக்கண்ணனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. (ஒரு அடி தவறியது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. சுந்தரபாண்டி மட்டும் முறைத்தார்.)

மேடைக்குப் பின்னால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மாரிக்கண்ணன் கேட்டான்:

“அங்கன என்ன புள்ள செஞ்ச?”

“எஃப் மைனர்.”

“பேரு கெடக்கட்டும். எனக்கு எதுக்கு அளுகை வந்துச்சு?”

மாரிசெல்வி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு பதில் எழுதினேன். டீச்சர் பேசுவதுபோல் இருந்தது. இன்னொன்று எழுதினேன், நான் பேசுவதுபோல் இருந்தது. இரண்டையும் அடித்தாயிற்று. அவள் திறந்த வாய் திறந்தபடியே நிற்கிறாள், பாவம். அவனும் விடுவதாக இல்லை. உங்களில் யாராவது சட்டென்று அவள் காதில் ஒரு பதிலைப் போட்டுவிடுங்களேன்...